பியட் காருக்குப் பின்னால் ஒரு படுக்கை அறை!

குர்லாவில் உருவான பியட் காரை மறந்த மும்பைத் தமிழர் உண்டா? கடைசி பிரீமியர் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால், சொந்தக் காராக வைத்துப் போற்றுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காரும் இழுக்கக்கூடிய குட்டிப் படுக்கை வண்டி ஒன்று உண்டு. 1930-களில் அமெரிக்காவில் தோன்றியது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்திருப்பதால் "கண்ணீர்த்துளி" என்று பெயர்.

எட்டுக்கு நாலு

8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகைதான் இதற்கு அளவு. பக்கத்துக்கு ஒரு பலகை. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்படி! தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

வால் ஆடினால் ஆபத்து

பத்மினியின் எஞ்சின் 1,089 சி.சி.தான். எனவே வண்டி இலேசாக இருக்க வேண்டும். கொக்கியைப் பம்பரில் மாட்டக்கூடாது. காரின் அடிப்பாகத்தில் இரும்புச் சட்டம் வைத்து முடுக்க வேண்டும். வண்டி எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமர வேண்டும். அடுப்படி பின்னால் இருக்கிறதே என்று தண்ணீர்க் கேனையும் அங்கேயே வைத்தால், வேகத்தில் வால் ஆடும், காரையும் புரட்டிவிடும். கனமான சாமான்கள் சக்கரத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

கசாரா, கண்டாலா மலைச்சரிவுகளில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், சூடேறினால் பிடிக்காது. தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

ஓடும் வண்டிக்குள் யாரையும் படுக்க வைக்காதீர்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவை வண்டியும் ஒரு வாகனமே. ஆர்.டி.ஓ. பதிவு அவசியம்.

ஊர் போய்ச் சேர்ந்தால்தானே பயணம்!