வணிகர் சந்திப்புக்குப் பின் மஞ்சள் விவசாயி செய்ய வேண்டியவை

மஞ்சள் அறுவடைக்கு முன்பாக உழவர் - வணிகர் சந்திப்புகள் பல ஊர்களில் நடத்தப்படுகின்றன. உழவர் பெருமக்கள் ஒரு நாள் வேலையை விட்டு வந்து, அரவை ஆலையினர், மசாலா நிறுவனத்தார், ஏற்றுமதியாளர் ஆகியோரிடம் பேசி, முகவரி அட்டைகளைப் பெற்றுச் செல்கின்றனர். ஆனால் பல அட்டைகள் சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடுகின்றன. வேகவைத்த மஞ்சள் களத்தில் காயும் வேளையில் பணத் தேவை நெருக்க, வாசலுக்கு வருபவர் சொல்லும் விலைக்கே சரக்கு போய்விடுகிறது. சந்திப்பில் கிடைப்பது அறிமுகம் மட்டுமே. அதை விற்பனையாக மாற்றக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. அன்றிரவே குறித்தல்

வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் வணிகரின் பெயர், ஊர், தொலைபேசி எண், அவர் கேட்ட இரகம், அளவு, தேவைப்படும் மாதம் ஆகியவற்றை எழுதவும். விரலி வேண்டுமா, கிழங்கு வேண்டுமா, குர்குமின் அளவு கேட்டாரா என்பதையும் குறிக்கவும். ஒரு வாரம் சென்றால் யார் எதைக் கேட்டார் என்பது மறந்துவிடும்.

2. மூன்று நாட்களுக்குள் தொடர்பு

வணிகர் அன்று பலரைச் சந்தித்திருப்பார். ஆகவே நம்மை நினைவூட்ட வேண்டும். ஏலம் நடக்கும் நேரத்தில் அழைத்தால் பேச அவகாசம் இராது. கைப்பேசியில் இவ்வாறு சுருக்கமாகச் செய்தி அனுப்பலாம்:

"ஐயா, வணக்கம். செவ்வாயன்று நடந்த மஞ்சள் சந்திப்பில் தங்களிடம் விரலி மஞ்சள் பற்றிப் பேசினேன். ஒரு ஏக்கர் பயிர் உள்ளது. மாசி மாதம் உலர்ந்த சரக்கு தயாராகும். மாதிரி அனுப்பலாமா?"

இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லக் கூடாது. பதில் வராவிடில் பத்து நாள் கழித்து ஒரு முறையும், சரக்கு தயாரானதும் ஒரு முறையும் நினைவூட்டினால் போதும்.

3. மாதிரி அனுப்புதல்

நல்ல விரல்களை மட்டும் பொறுக்கி அனுப்புவது தவறு. சரக்கு மாதிரியோடு ஒத்துப்போகாவிடில் விலை குறைக்கப்படும். அந்த வணிகர் மறுமுறை நம்மை நம்பமாட்டார். பல மூட்டைகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து எடுத்து, கலந்து, பரப்பி, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளை மட்டும் வைத்துக்கொள்ளவும். அரை கிலோ அளவுக்குக் குறையும் வரை இவ்வாறு செய்து, இரு பொட்டலங்களாகக் கட்டவும். ஒன்றை அனுப்பிவிட்டு, மற்றதைத் தேதியிட்டு வீட்டில் வைக்கவும். பின்னால் தரம் பற்றிப் பேச்சு எழுந்தால் அதுவே சாட்சி.

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி முழு மஞ்சளில் ஈரப்பதம் 12 சதத்தைத் தாண்டக் கூடாது. எனவே நன்கு உலர்ந்த பின்னரே மாதிரி எடுக்க வேண்டும். குர்குமின் அளவை ஆய்வகச் சோதனையில்தான் அறிய முடியும். கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

4. பக்கத்தில் அமர்ந்த விவசாயி

சந்திப்பில் வணிகரின் முகவரியை வாங்கும் நாம், பக்கத்தில் அமர்ந்த விவசாயியின் முகவரியை வாங்குவதில்லை. 10 டன் பச்சை மஞ்சள் உலர்ந்தால் ஏறக்குறைய 2 டன்தான் தேறும். தொலைவிலிருந்து வருபவர் ஒரு லாரிச் சரக்காவது கேட்பார். 10 டன் சேர்க்க நம்மைப் போன்ற ஐந்து பேர் வேண்டும். ஒரே இரகம் பயிரிட்டவர்களையும் அருகிலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையும் அந்த வாரமே தொடர்புகொண்டு, ஒரே பக்குவத்தில் வேகவைத்து உலர்த்தப் பேசிக்கொள்ளவும்.

5. விலை பேசுமுன்

அன்றைய ஏல விலையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விசாரிக்கவும். எடை எங்கே போடுவது, சாக்கும் வண்டி வாடகையும் யாருடையது, பணம் எந்நாளில் என்பவற்றை எழுத்தில் பெறவும். புதியவருக்கு முதல் முறையே முழுச் சரக்கையும் கடனாகக் கொடுத்தல் கூடாது. சில மூட்டைகள் கொடுத்து, பணம் வந்த பின் மீதியை அனுப்பலாம். அவசரத் தேவை இருந்தால், விற்பனைக் கூடக் கிடங்கில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியைப் பற்றி அங்கேயே கேட்டறியலாம்.

பேரம் முடியாவிட்டாலும் வணிகருக்கு நன்றி தெரிவித்து, அடுத்த பருவத்தில் நடவு முடிந்ததும் பரப்பளவைத் தெரிவிக்கவும். ஒன்பது மாதப் பயிருக்குக் களையெடுத்து, நீர் பாய்ச்சிக் காத்திருக்கும் நாம், அறிமுகமானவருக்காகச் சில வாரங்கள் முயன்றால் உழைப்புக்கேற்ற விலை பெற வழி பிறக்கும்.