கண்ணாடி விரியனுக்கு மனித ஆன்டிபாடி வேண்டும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வேர்க்கடலைக் கொல்லையிலோ கரும்புத் தோட்டத்திலோ நச்சுப்பாம்பு கடித்தவரைக் காப்பாற்ற இன்று இருக்கும் மருந்து, குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். இதற்கான விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து இது. ஆனாலும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறப்பு மிகுந்த மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. மருத்துவமனைக்குத் தாமதமாக வருவது முக்கியக் காரணம். மருந்திலும் குறை உண்டு. குதிரைப் புரதத்தால் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால், அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் மருத்துவர்கள் மருந்தை ஏற்றுகிறார்கள். மேலும், குப்பியில் உள்ள ஆன்டிபாடிகளில் ஒரு சிறு பங்குதான் விஷத்தைப் பிடிக்கும்.

மனித ஆன்டிபாடி இந்த இரண்டு குறைகளையும் குறைக்கும். நம் உடலில் அதற்கு மூலம் பி செல்கள். ஒவ்வொன்றும் ஒரே வகை ஆன்டிபாடிக்கு உரியது. உடலை விட்டு வெளியே வந்தால் அவை சில நாளில் மடிந்துவிடும். ஆனால் 37 டிகிரி வெப்பத்தில், உடலுக்குள் டி செல்கள் தரும் தூண்டல்களான சிடி40 லிகண்ட், இன்டர்லூகின்-21 ஆகியவற்றைக் கொடுத்தால் அவை பெருகி, ஆன்டிபாடி சுரக்கத் தொடங்குகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் குழிக்கு ஒரு செல்லாக வளர்த்து, எந்தக் குழியின் திரவம் விஷத்தைப் பிடிக்கிறது என்று பார்க்கலாம். அந்தச் செல்லின் ஆன்டிபாடி மரபணுவை வெள்ளெலியின் செல்லில் புகுத்தினால், அதே ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கலாம்.

பல ஆண்டுகள் தன் உடலில் விஷம் ஏற்றிக்கொண்ட டிம் ஃப்ரீடி என்ற அமெரிக்கரின் பி செல்களை ஆதாரமாகக் கொண்ட ஆய்வு 2025-ல் வெளியானது. இரண்டு ஆன்டிபாடிகளும் வாரெஸ்பிளாடிப் என்ற மருந்தும் சேர்ந்து, 19 பாம்பு இனங்களில் 13-இன் விஷத்திலிருந்து எலிகளை முழுமையாகக் காத்தன. அவை அனைத்தும் நாகம், கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வயல்களில் அதிகம் கடிப்பதோ கண்ணாடி விரியன். ரத்தம் உறைவதைக் குலைத்து, சிறுநீரகத்தைத் தாக்கும் அதன் விஷத்தில் பல நொதிகள் கலந்திருப்பதால் பல ஆன்டிபாடிகள் தேவைப்படும், செலவும் கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். வேலையை இங்கேயே தொடங்க வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம். இடத்துக்கு இடம் அந்த விஷம் மாறுவதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழு காட்டியிருக்கிறது. நம் ஊர் விஷத்துக்கான விடையை வெளிநாட்டு ஆய்வுக்கூடம் தேடித் தராது. யாரும் விஷம் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கடிபட்டுப் பிழைத்தவர்கள் மனமுவந்து தரும் ரத்தத்தில் தேடத் தொடங்கலாம். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் ஐசர் ஆய்வு நிறுவனமும், எல்லையைத் தாண்டினால் வேலூர் சிஎம்சியும் இருக்கின்றன. குதிரை மருந்தைக் கைவிடாமலே இவை கைகோக்க முடியும். அதற்கான நிதியை இரு மாநில அரசுகளும் ஒதுக்க வேண்டும்.