மூப்பும் மருந்துச் செலவும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 அளவில் நிற்கின்றது. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் நீண்ட ஆயுளுக்கு ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துவோர் யார்?

பிரான்சு நாட்டில் 65 வயது கடந்தோர் நூற்றுக்கு ஏழு பேராயிருந்து பதினான்கு பேராகப் பெருக 115 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்நாடு செல்வத்தையும் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் தேடிக்கொண்டது. நமக்கோ அத்துணை அவகாசமில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே 60 வயது நிறைந்த இந்தியர் பத்துக் கோடிக்கு மேல். தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர். செல்வம் சேருமுன்பே நரை வந்துவிட்டது.

அரசு வாளாவிருந்ததாகக் கூறுவதற்கில்லை. 2013-14இல் நாட்டின் மருத்துவச் செலவில் 100 ரூபாய்க்கு 64 ரூபாயை மக்களே தம் கையிலிருந்து கொடுத்தனர். 2021-22இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை, வருமானம் பாராது 70 வயது நிறைந்த யாவருக்கும் உரியதென மத்திய அரசு 2024 அக்டோபரில் விரித்தது. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அது ஏற்கும்.

ஆனால் எதற்கு ஏற்கும்? மருத்துவமனையில் படுத்தால் ஏற்கும். அதற்கு முந்திய மூன்று நாள், பிந்திய பதினைந்து நாள் மருந்துக்கும் ஏற்கும். முதியோரின் நோய்களோ பெரும்பாலும் படுக்கை கேட்பவை அல்ல. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருபது முப்பது ஆண்டுகள் உடனிருந்து நாள்தோறும் மாத்திரை கேட்பவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாத்திரை இலவசமே. எனினும் முழங்கால் வலியோடு பேருந்தேறி, வரிசையில் நின்று திரும்ப வேண்டும். துணைக்குச் செல்லும் மகனுக்கு அன்றைய கூலி போய்விடும். ஆகவே பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நம் பங்கு இல்லங்களைச் சந்திக்கையில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. பின்னர்ச் சிறுநீரகம் பழுதடைகின்றது, பக்கவாதம் தாக்குகின்றது. சில நூறு ரூபாயில் தடுத்திருக்கக்கூடியதற்கு அப்போது காப்பீடு ஆயிரமாயிரமாய் அளக்கின்றது. விந்தையான சிக்கனம்!

எனவே புதிய கட்டடங்களினும் வீடு தேடி வரும் செவிலியே நமக்கு முதல் தேவை என்போம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் அரும்பிய வலிதணிப்புச் சேவை, 2008இல் அம்மாநில அரசின் கொள்கையாயிற்று. உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர் படுக்கையிலிருப்போரை நாடிச் செல்கின்றனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் மாத்திரைகளை வாயிற்படிக்கே கொணர்கின்றது.

இவ்வளவு செய்த பின்னும் ஒரு செலவு எக்கணக்கிலும் ஏறாது நிற்கின்றது. படுத்த மாமியாரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டும் மருமகள் வேலைக்குச் செல்ல இயலாது வீட்டில் தங்குகின்றாள். அவள் இழக்கும் கூலியை எந்தக் காப்பீடும் திருப்பித் தருவதில்லை. நாளை அவளுக்கும் அறுபது வயதாகும், சேமிப்பு ஏதுமிராது.