விவசாயக் கழிவுநீரும் செயற்கை ஈரநிலங்களும்

மாணவர்களே, விவசாயத்தால் நீர் மாசடையும் விதத்தை விளக்குக என்று கேட்டால் உங்களிற் பலர் "பசளை, பீடைநாசினி" என இரண்டு சொற்களில் விடையை முடித்துவிடுகின்றீர்கள். புள்ளிகள் அதற்குப் பின்னர்தான் இருக்கின்றன. இட்ட பசளை முழுவதையும் பயிர் உறிஞ்சுவதில்லை. எஞ்சிய நைத்திரேற்றும் பொசுபேற்றும் மழைநீருடன் வாய்க்கால்களையும் குளங்களையும் அடைகின்றன. அங்கு அல்காக்கள் பெருகுகின்றன. அவை இறந்து பிரிந்தழியும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடிகின்றன. இதுவே நற்போசணையாக்கம்.

தொழிற்சாலைக் கழிவு ஒரு குழாய் வழியே வருவதால் அதை ஓரிடத்திற் பிடித்துச் சுத்திகரிக்கலாம். விவசாயக் கழிவுநீரோ எல்லா வயல்களிலிருந்தும் வரும். மழைக்கேற்ப அதன் அளவும் மாறும். இதற்குப் பொருத்தமான ஒரு முறைதான் செயற்கை ஈரநிலம். வரம்பு கட்டிய, பரந்த, ஆழங்குறைந்த தடாகங்களில் சம்பு, நாணல் போன்றவற்றை வளர்த்து, கழிவுநீரை அவற்றினூடாக மெதுவாகச் செல்ல விடுவார்கள்.

"தாவரங்கள் அழுக்கை உறிஞ்சிவிடும்" என்று மட்டும் எழுதினால் விடை குறைவானது. நைத்திரேற்றைப் பொறுத்தவரை முக்கிய வேலையாள் பற்றீரியாவே. ஒட்சிசன் அற்ற சேற்றில் நைதரசனிறக்கும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்ற, அது வளிமண்டலத்தைச் சேர்கின்றது. பொசுபரசு அவ்வாறு வாயுவாகி வெளியேறாது. தாவரத்திற் சேர்ந்தும் சேற்றிற் படிந்தும் அங்கேயே தங்கும். ஆகவே தடாகம் வறண்டு மீண்டும் நீர் நிரம்பினால், தங்கிய பொசுபரசில் ஒரு பகுதி நீரில் மீண்டும் கரையும். இந்த வேறுபாட்டை எழுதும் விடை தனியே தெரியும்.

உதாரணமாக ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்கிச்சோபி ஏரிக்குத் தெற்கேயுள்ள கரும்பு நிலங்களிலிருந்து வடிந்த பொசுபரசு, எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை மாற்றியது. மிகக் குறைந்த போசணையில் வாழப் பழகிய கோரையினம் பின்வாங்க, அவ்விடத்தைச் சம்பு பிடித்தது. 1988இல் மத்திய அரசு மாநிலத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. 1994இல் எவர்கிளேட்ஸைப் பாதுகாக்கத் தனிச்சட்டம் நிறைவேறியது. அதன்பின் அமைக்கப்பட்ட செயற்கை ஈரநிலங்களின் பரப்பு 20,000 ஹெக்டெயருக்கும் அதிகம். அவற்றுட் புகும் பொசுபரசில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேயே தடுக்கப்படுகின்றது. எவர்கிளேட்ஸில் எட்ட வேண்டிய அளவோ லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் மட்டுமே! வேடிக்கை என்னவெனில், சதுப்பை ஆக்கிரமித்த அதே சம்புதான் இத்தடாகங்களில் முதல் வேலையைச் செய்கின்றது.

அப்படியானால் யாழ்ப்பாணத்திலும் இதை அமைக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் நிலத்தைப் பார்க்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் கீழே சுண்ணாம்புக்கல் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட பசளை மேற்பரப்பில் வெகுதூரம் ஓடாமல் நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகின்றது. அந்நீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கின்றோம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால், அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலநிறமாகலாம். ஓடிவராத நீரை ஈரநிலத்தால் மறிக்க முடியாது. எனவே அங்கு பசளையை அளவாக, பல தடவைகளாகப் பிரித்து இடுவதே முதல் வழி. வடிகால் நீர் வாய்க்காலில் ஒன்றுசேரும் வயற்பிரதேசங்களுக்கே செயற்கை ஈரநிலம் பொருந்தும்.

பயிற்சி: செயற்கை ஈரநிலத்தில் நைத்திரேற்றும் பொசுபரசும் அகற்றப்படும் முறைகளை வேறுபடுத்துக. (4 புள்ளிகள்)
குறிப்பு: இரண்டும் இறுதியில் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை எழுதாவிட்டால் முழுப்புள்ளி கிடைக்காது.