கூடக் கொடுத்தால் 60 நாள், குறைத்துக் கொடுத்தால் 120 நாள்

ஒரே ஸ்கேனுக்கு மருத்துவமனை இரண்டு முறை பில் போட்டுவிட்டது. மெடிகேரும் இரண்டுக்கும் பணம் அனுப்பிவிட்டது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கான அரசுக் காப்பீட்டில் இது நடக்கக்கூடியதுதான். யாரும் கேட்கவில்லையே என்று அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. 2010-இல், ஒபாமா காலத்தில் வந்த சட்டப்படி, கூடுதலாக வந்தது தெரிந்த 60 நாளுக்குள் மருத்துவமனையே முன்வந்து சொல்லித் திருப்பிக் கட்ட வேண்டும். ஆறு ஆண்டு பழைய பணத்துக்கும் இது பொருந்தும்.

'தெரிந்த நாள்' எது என்பதில்தான் வழக்கறிஞர்களுக்குப் பிழைப்பு. முறையாகத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே முன்பெல்லாம் கெடு தொடங்கிவிடும். 2025 ஜனவரி 1 முதல் விதி மாறியது. மருத்துவமனைக்கு உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். அல்லது தெரிந்துகொள்ளாமல் அசட்டையாக விட்டிருக்க வேண்டும். ஒரு தவறு அகப்பட்டு, அதைப்போல் வேறு எத்தனை என்று நேர்மையாக விசாரிக்கத் தொடங்கினால் 180 நாள் வரை கெடு நிற்கும். அதற்கப்புறமும் கட்டாதவர்மீது பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயலாம். லிங்கன் காலத்தில் ராணுவத்தை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர்களுக்காக வந்த சட்டம் அது. இன்று மூன்று மடங்கு இழப்பீடும் தனி அபராதமும் விதிக்கும்.

மெடிகேரே கண்டுபிடித்தால் கடிதம் வரும். 30 நாளில் கட்டாவிட்டால் வட்டி. 41ஆம் நாள் முதல் அடுத்தடுத்த பில்களில் பிடித்தம். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால் பிடித்தம் நிற்கும், வட்டி நிற்காது.

பணம் குறைந்தால், கேட்கும் பாடு மருத்துவமனையுடையது. அரசின் தணிக்கையாளர்கள் குறைவையும் கண்டு சொல்வதுண்டு என்றாலும் அதை நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முடிவு கைக்கு வந்த 120 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதைத் தவறவிட்டால், ஓராண்டுக்குள் கோப்பைத் திறந்து பார்க்கும்படி கேட்கலாம். தகுந்த காரணம் இருந்தால் நான்காண்டு வரை. பில்லையே ஓராண்டுக்குள் அனுப்பாவிட்டால் மேல்முறையீடே கிடையாது. நோயாளியிடமும் வசூலிக்கக் கூடாது.

இந்தத் தேதிகளைத் துரத்துபவர்களில் பலர் சென்னையில் இரவு ஷிப்டு பார்க்கும் ஏ.ஆர். காலர்கள்; வராத பில் பணத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஃபோனில் கேட்பது அவர்கள் வேலை. தனியார் காப்பீடு என்றால் அவர்களுக்குத் தலைவலி இரட்டிப்பு: மாநிலத்துக்கு மாநிலம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கெடு மாறும். டெக்சாஸில், கொடுத்த பணம் அதிகம் என்றால் காப்பீட்டு நிறுவனம் 180 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். பில் கெடு தாண்டி வந்தது என்று பணம் மறுக்கும் 'டைம்லி ஃபைலிங்' டினையல் வந்தால் காலர் முதலில் தேடுவது, பில் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் ஏற்பு ரிப்போர்ட்டைத்தான்.