தசை நோவும் அதன் பரிகாரமும்

தோளுக்கும் கழுத்துக்கும் நடுவேயுள்ள தசையில் ஓரிடத்தை விரலால் அழுத்தினால், சிலருக்கு நெற்றிப்பொட்டு வரை வலி பரவுவதுண்டு. தலைக்குத் தைலம் பூசிச் சலித்தவர், நோவின் ஊற்றுத் தோளில் இருப்பதை அறியமாட்டார். 1938ஆம் ஆண்டில் கெல்கிறன் என்னும் மருத்துவர் இலண்டனில் தசைகளினுள் உப்புக் கரைசலைச் செலுத்தி, ஊசி குத்திய இடத்துக்கு அப்பாலும் வலி உணரப்படுவதைக் காட்டினார். இறுகிய நார்போல விரலுக்குத் தட்டுப்படும் தசையிலே, இவ்வாறு வலியைப் பரப்பும் இடங்கள் ‘தூண்டற் புள்ளிகள்’ எனப்படும். அப்பெயரைப் பரவச் செய்தவர் நியூயோர்க்கிலே பணிபுரிந்த ஜேனற் ட்ரவெல் அம்மையார். தோலின்மீது குளிர்திரவத்தைத் தெளித்துத் தசையை மெல்ல நீட்டுவதும், புரோக்கேயின் என்னும் விறைப்பு மருந்தைப் புள்ளியினுள் ஏற்றுவதும் அவர் கையாண்ட முறைகள்.

1955இல் அவரிடம் வந்த நோயாளி ஒருவர் பின்னர் உலகறிந்தவரானார். முதுகிலே சத்திரசிகிச்சை செய்தும் நோவு தீராதிருந்த ஜோன் கெனடியே அவர். ஒரு கால் மற்றதிலும் சற்றுக் குட்டை எனக் கண்ட அம்மையார், சப்பாத்தின் குதியை உயர்த்துவித்தார், சாய்ந்தாடும் நாற்காலியில் அமரச் சொன்னார், ஊசியும் போட்டார். 1961இல் கெனடி ஜனாதிபதியானதும் அவருடைய மருத்துவராகவும் ஆனார். ஆனால் அவ்வாண்டிலேயே நோவு மீண்டும் மிகுந்தது. ஊசிமேல் ஊசி போடுவது தகுமா என ஏனைய வைத்தியர்கள் ஐயுற்றனர். அப்பொழுது அழைக்கப்பட்டவர் ஹான்ஸ் கிறௌஸ், மலையேறுவதில் வல்லவர். தசைகள் வலுவிழந்து இறுகிவிட்டன என்று கூறி, வாரத்தில் பலமுறை தேகப்பயிற்சி செய்வித்தார். அடுத்த ஆண்டில் நோவு பெரிதும் தணிந்தது. எனினும், முதுகெலும்பிலேயே குறையுள்ள ஒருவரின் அனுபவத்தை எல்லோர்க்கும் பொதுவாக்கிவிட முடியாது.

பலருடைய அனுபவத்தை ஒப்புநோக்கும்போதுதான் வியப்பு ஏற்படுகின்றது. மருந்தேயில்லாத வெற்றூசியும் உடனே ஆறுதல் தருவதைச் செக்கோசிலோவாக்கிய மருத்துவர் கறெல் லெவிட் 1979இல் எடுத்துக்காட்டினார். 23 ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கிய 2001ஆம் ஆண்டு மதிப்பீடு, எதனை ஏற்றினாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்றது. அப்படியாயின் மருந்து எதற்கு? ஊசி குத்துவதே போதும் என்போமா? போலிச் சிகிச்சையிலும் அது மேலானது என்பதற்கும் அம்மதிப்பீட்டில் உறுதியான சான்றில்லை. இரு மருத்துவர் தனித்தனியே தடவிப் பார்த்தால், அவர்கள் சுட்டும் புள்ளிகள்கூடப் பல சமயங்களில் ஒத்துவருவதில்லை!

பிடித்துவிடுதலும் வெந்நீர் ஒத்தடமும் தரும் ஆறுதல் பெரும்பாலும் குறுகிய காலத்ததே. ஆயினும் அவற்றிற் செலவும் தீங்கும் குறைவு. மார்பிலும் தோளின் மேற்புறத்திலும் குத்தும் ஊசி ஆழமாகச் சென்றால் நுரையீரலைத் துளைத்துவிடக்கூடும். ஆகவே எளியதைப் பார்த்த பின்னரே ஊசியை நாடுதல் நன்று. கைகால் மரத்துப்போதல், வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை நோவுடன் சேர்ந்து வந்தால், தசைப்பிடிப்பென்று வீட்டில் இருந்துவிடாமல் வைத்தியரிடம் உடனே செல்லவேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, பலர் முதல் வாரத்திலேயே அதனைக் கைவிடுகின்றனர். புதிதாக இயக்கிய தசை ஓரிரு நாள் உளைவது இயல்பு. அந்த உளைவு தணிந்ததும் முன்னைய அளவிலேயே தொடர்ந்து, வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லவேண்டும்.