ஒலி அளவுமானி எவ்வாறு இயங்குகிறது?

டிராக்டர், பவர் டில்லர், டீசல் என்ஜின், கதிரடிக்கும் இயந்திரம் ஆகியவற்றின் அருகில் உழவர்கள் பல மணி நேரம் வேலை செய்ய வேண்டியுள்ளது. இவற்றின் இரைச்சல் உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. அழிந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை. வலி தோன்றாததால், இரைச்சல் பழகிவிட்டது என்றே நாம் எண்ணிக் கொள்கிறோம். எனவே இரைச்சலை அளந்தறிய வேண்டும். இதற்கு உதவுவது கையடக்கமான ஒலி அளவுமானி. அது காட்டும் எண்ணின் பொருள் விளங்க, அதன் உள்ளமைப்பைத் தெரிந்து கொள்வது நலம்.

ஒலிவாங்கி

கருவியின் நுனியில் ஒலிவாங்கி உள்ளது. இதில் மெல்லிய சவ்வு ஒன்றும், மிகச் சிறிய இடைவெளி விட்டு அதன் பின்னால் ஓர் உலோகத் தகடும் உள்ளன. இரண்டும் சேர்ந்து மின்தேக்கியாக அமைகின்றன. ஒலி மோதும்போது சவ்வு அதிர்ந்து இடைவெளி மாறுகிறது; அதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது.

முன்பெருக்கி

இந்த மின்னழுத்தம் மிகவும் வலுவற்றது. மண் வாய்க்காலில் சிறு நீரோட்டம் கசிந்து வீணாவது போல, நீண்ட கம்பியில் இது வீணாகிவிடும். ஆகவே ஒலிவாங்கியை ஒட்டியே முன்பெருக்கி வைக்கப்பட்டுள்ளது.

வடிப்பான்

நம் காது தாழ்ந்த சுருதியுள்ள ஒலியைக் குறைவாகவே உணரும். கருவியை 'ஏ' நிலையில் வைத்தால், வடிப்பான் இதே போல் செயல்படுகிறது. விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியை அப்படியே விடுகிறது. 100 அதிர்வுள்ள ஒலியைச் சுமார் 19 டெசிபல் குறைக்கிறது. காதுக்கு வரும் தீங்கை மதிப்பிட 'ஏ' நிலையே ஏற்றது.

சராசரிச் சுற்று

மின்னழுத்தம் நேராகவும் எதிராகவும் மாறி மாறி வருவதால், சாதாரண சராசரி எடுத்தால் பூச்சியமே கிடைக்கும். எனவே இச்சுற்று அதனை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்கிறது. விரைவு நிலையில் எட்டில் ஒரு விநாடிக்கும், மெது நிலையில் ஒரு விநாடிக்கும் ஏற்ப அளவு சீராக்கப்படுகிறது. என்ஜின் இரைச்சலுக்கு மெது நிலை வசதியானது.

மடக்கைச் சுற்று

காது உணரும் மிக மெல்லிய ஒலியின் அழுத்தம் ஒரு பாஸ்கலில் 50,000-ல் ஒரு பங்கு. இது 0 டெசிபல் எனப்படும். இதைப் போல் 10 லட்சம் மடங்கு அழுத்தம் 120 டெசிபல் ஆகும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை மடக்கைச் சுற்று சிறிய எண்களுக்குள் அடக்கித் தருகிறது. இன்றைய கருவிகளில் இவ்வேலைகளில் பலவற்றை ஒரு சில்லே செய்து விடுகிறது, முறை மாறவில்லை.

எண்ணைப் படிக்கும் முறை

மடக்கை அளவு என்பதால், 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இரு மடங்காகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-ல் தந்த பரிந்துரைப்படி, ஒரு நாளில் கேட்கக்கூடிய நேரம் வருமாறு:

85 டெசிபல் – 8 மணி
88 டெசிபல் – 4 மணி
91 டெசிபல் – 2 மணி
94 டெசிபல் – 1 மணி
100 டெசிபல் – 15 நிமிடம்

கவனிக்க வேண்டியவை

1. அளக்கும் முன் மின்கலத்தைச் சோதிக்கவும். 94 டெசிபல் ஒலி தரும் சரிபார்ப்புக் கருவி கொண்டு அளவைச் சரி பார்க்கவும்.
2. காற்று வீசினால் ஒலிவாங்கிக்கு நுரைப் பஞ்சு உறை இடவும்.
3. ஓட்டுபவரின் காதருகே வைத்து அளக்கவும். என்ஜின் அருகே எடுத்த அளவு அவருக்குப் பொருந்தாது.
4. கைபேசிச் செயலிகள் தோராயமான அளவையே தரும்.

அளவு 85-ஐத் தாண்டினால், பழுதான சைலன்சரை உடனே மாற்றுங்கள். காதடைப்பான் அணியுங்கள். வேலையை ஆள் மாற்றிச் செய்யுங்கள். பம்பு என்ஜின் ஓடும்போது தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். செலவு அதிகமில்லாத இம்முறைகளைக் கையாண்டு, உங்கள் செவித்திறனைக் காத்துக் கொள்ளலாம்.